இரண்டு நிமிடம் நாற்பது வினாடி

ஃபர்வானியா
ஞாயிறு, மாலை 6.35

அன்புள்ள ஷ்யாம்,

இங்கு குவைத்தில் அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். நீங்கள் நலமா என்று கேட்க வேண்டிய இடம் இது. காலையில்தான் பேசினோம், நலமாகத்தான் இருந்தீர்கள்.

மின்னஞ்சலில் வந்தாலும் இதைக் கடிதமாகவே படியுங்கள். போனில் கேட்டிருக்கலாம். கேட்டால் நீங்கள் உடனே பதில் சொல்லிவிடுவீர்கள். நல்ல பதிலாகவும் இருக்கும். அதுதான் எனக்குப் பயம்.

இது நீங்கள் நடக்கப் போகும் நேரம். ஆறரையிலிருந்து ஏழு வரை கடற்கரையில் நடை, போன் அறையில். கல்யாணமாகி, இருபத்திரண்டு நாள் லீவு முடிந்து நீங்கள் சவூதியில் யான்புவுக்குத் திரும்பி ஏழு மாதம் ஆகிறது. இந்த அரை மணி நேரத்தை மட்டும் நான் தொட்டதில்லை. ஹாலில் அம்மாவின் சீரியல் ஓடுகிறது. யாரோ யாரையோ வீட்டைவிட்டு வெளியே போகச் சொல்கிறார்கள். கதவை மூடிக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் செய்தி. குடும்ப விசா வந்துவிட்டது. அடுத்த வாரம் வியாழக்கிழமைக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. ஜித்தாவில் மூன்று மணி நேரம் காத்திருப்பு, பிறகு யான்பு. அப்பா எல்லாத் தாள்களையும் இரண்டு பிரதி எடுத்து, பென்சிலில் எண் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறார். முப்பது வருடம் கட்டட டிராயிங் போட்ட கை.

இனி வெள்ளிக்கிழமை.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ‘வடக்கு நடைமேடை’ பார்த்தோம். ஏழு வருடமாக எங்கும் கிடைக்காத படம், இப்போது ஓடிடியில் வந்திருக்கிறது. நான்தான் போடச் சொன்னேன். எனக்கு அதைவிடப் பெரிய படம் கிடையாது. உங்களுக்கும் கிடையாது என்று சொல்லியிருக்கிறீர்கள்.

கதை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், எனக்கு வரிசை வேண்டியிருக்கிறது. கப்பல் வேலைக்குப் போனவன் பதினொரு வருடம் திரும்பவில்லை. மனைவி தினமும் வடக்கு நடைமேடைக்கு வந்து நின்றுவிட்டுப் போகிறாள். கடைசியில் அவன் வரும் ரயில் தெரிகிறது. புள்ளி. புள்ளி பெரிதாகிறது. அடுத்து, ஒரு மேசை. இரண்டு தேநீர்க் குவளைகள். ஒன்றில் மட்டும் ஆவி. படம் முடிந்தது.

நான் பார்த்தது அப்படித்தான். கல்லூரி இரண்டாம் ஆண்டு விடுமுறைக்கு இங்கே வந்திருந்தபோது, வெள்ளிக்கிழமை மதியக் காட்சி, அப்பாவோடு. பதினொரு வருடம் காத்திருந்த சந்திப்பைக் காட்டாமலே விட்டுவிட்டார்களே என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இப்போது வந்திருக்கும் பிரதியில், ரயிலுக்கும் குவளைகளுக்கும் நடுவே ஒரு காட்சி இருக்கிறது. ரயில் நிற்கிறது. அவன் இறங்குகிறான். அவள் ஓடுகிறாள். மழை. ஒரு கல்யாண மண்டபம் நிறைய வயலின்கள். கட்டிக்கொள்கிறார்கள். நெற்றியில் முத்தம், கன்னத்தில், பிறகு உதட்டில். பாட்டின் ஒரு சரணம் முழுதாக ஓடுகிறது. போர்ட்டர் ஒருவர் துண்டால் கண்ணைத் துடைக்கிறார். இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. மணி பார்த்தேன்.

இங்குள்ள தியேட்டரில் வெட்டியிருக்கிறார்கள். முத்தம் என்றால் வெட்டுவார்கள், இங்கே வளர்ந்த யாருக்கும் தெரியும். திரை ஒரு துள்ளு துள்ளும், சத்தம் அறுபடும், பின்வரிசையில் யாராவது சிரிப்பார்கள். அன்று அப்படி எதுவும் எனக்கு நினைவில்லை. வெட்டியவர் நன்றாக வெட்டியிருக்கிறார். ஆக, ஏழு வருடமாக நான் கும்பிட்டு வந்தது பெயர் தெரியாத ஒரு தணிக்கை அலுவலரை.

இதில் உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. தெரியாது என்று நினைத்திருந்தேன். கல்லூரியில் மூன்று வருடம் ‘வெள்ளிக்கிழமைக்காரி’ என்ற பெயரில் வலைப்பூ எழுதினேன். குவைத்தில் படம் பார்க்கும் நாள் வெள்ளி, அதனால் அந்தப் பெயர். படங்கள், தொடர்கள் பற்றி அறுபத்தொரு கட்டுரை. மூன்றாவது கட்டுரை அந்தக் குவளைகளைப் பற்றி. “சந்திப்பு நிகழ்கிறது, நமக்குக் காட்டப்படவில்லை, அவ்வளவுதான் இந்தப் படம்.” இருபது வயதில் எழுதிய வரி. யான்புவுக்கு வந்து, ஏதாவது ஒரு சாயங்காலம், உங்களிடம் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க வெட்கமாக இருந்தது. திருச்சியில் என்னோடு கல்லூரியில் இருந்து அதைப் படித்தவர்கள் எல்லாம் முழுப் படம் பார்த்தவர்கள். ஒருவரும் சொல்லவில்லை. அல்லது ஒருவரும் படிக்கவில்லை.

சனிக்கிழமை காலை பல் தேய்க்கும்போதுதான் உங்கள் நினைவு வந்தது.

நம் முதல் போன். நிச்சயத்துக்கு முன்னால். நான் நாலாவது மாடி வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன். பிடித்த படம் எது என்று கேட்டேன். ‘வடக்கு நடைமேடை’ என்றீர்கள். மதுரையில் நண்பர்களோடு தியேட்டரில் மூன்று முறை பார்த்ததாகச் சொன்னீர்கள். பிறகு சொன்னீர்கள், அந்த ரெண்டு தேநீர்க் குவளை வருது பாருங்க, சந்திக்கிறதைக் காட்டவே இல்லையே, அவ்வளவுதான் படம் என்று.

நான் நடப்பதை நிறுத்தினேன். போனை வைத்துவிட்டு உள்ளே வந்து அம்மாவிடம் சரி என்றேன். எல்லாவற்றுக்கும் சரி என்று அர்த்தம்.

ஷ்யாம், மதுரையில் அந்தக் காட்சியை யாரும் வெட்டவில்லை.

இன்னொன்று. விருதுநகரில் பிறந்தவர் பேச்சில் தேநீர்க் குவளை என்று சொல்வாரா? டீ கிளாஸ் என்றுதானே சொல்வார்? அன்று அந்தச் சொல்லுக்காகவும் உங்களைப் பிடித்தது.

பிறகு உட்கார்ந்து மற்றவற்றையும் எழுதிப் பார்த்தேன். ‘சாம்பல் குடை’ படத்தில் ஒரு முறைகூட மழை வராது என்றீர்கள். என் ஏழாவது கட்டுரையின் முதல் வரி. ‘இடது கைச் சாட்சி’ தொடரை ஆறாவது பகுதியோடு நிறுத்தியிருக்க வேண்டும் என்றீர்கள். இருபத்திரண்டாவது. சீரியல் பார்ப்பது நேரத்தைக் கொல்வது, அதுவும் மெதுவாக என்றீர்கள். முப்பதாவது. நினைவில் இருந்தவை பதினொன்று. பதினொன்றும் என்னுடையவை. சொல் வரிசைகூட மாறவில்லை.

என்னவென்று எடுத்துக்கொள்வது? நான்தான் எழுதினேன் என்று தெரியாமல், எங்கோ படித்து, பிடித்துப்போய், உங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டீர்களா? அப்படியென்றால் சந்தோஷப்பட வேண்டும். தெரிந்தே மனப்பாடம் செய்தீர்களா? அப்படியென்றால் அன்று வராந்தாவில் நான் யாரோடு பேசினேன்?

இருபத்திரண்டு நாளில் ஒரே ஒரு முறை ஏதோ வேறு மாதிரி இருந்தது. விருதுநகரில் புரோட்டாக் கடை. டிவியில் ‘தீச்சட்டி கோவிந்தன்’ ஓடிக்கொண்டிருந்தது. கை கழுவ எழுந்தவர், கழுவாமல், சால்னா காயக் காய நின்று பார்த்தீர்கள். பிடிக்குமா என்று கேட்டேன். சே, சும்மா என்றீர்கள்.

பெட்டி பாதி நிரம்பியிருக்கிறது. மீதி துணியெல்லாம் கட்டிலில். அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டாள், ஏன்டி அப்படியே போட்டு வச்சிருக்க என்று. வியாழக்கிழமை வருவதா வேண்டாமா என்று எனக்கே தெரியவில்லை. மிரட்டுவதற்காக எழுதவில்லை. தெரியவில்லை, அவ்வளவுதான்.

யோசித்து எழுதுங்கள். மெதுவாக.

அன்புடன்,
பிருந்தா


ஃபர்வானியா
புதன்

அன்புள்ள ஷ்யாம்,

உங்கள் பதில் வந்தது. படித்தேன், எழுதுகிறேன், கொஞ்ச நாள் கொடு. அவ்வளவுதான். முதல் முறையாக நீங்கள் என்னிடம் உடனே பதில் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்தது. ஏன் என்று தெரியவில்லை.

அதற்குள் இங்கே இரண்டு விஷயம் நடந்துவிட்டது. நீங்கள் எழுதுவதற்கு முன் இவை எனக்குத் தெரியும் என்று உங்களுக்குத் தெரிவது நியாயம்.

திங்கட்கிழமை அப்பாவோடு ஜம்இய்யா கூட்டுறவுக் கடைக்குப் போய்க் காய்கறி வாங்கிவிட்டுத் திரும்பினோம். வழியில் வண்டிகள் நகரவே இல்லை. அப்பாவிடம் கேட்டேன், ஷ்யாமுக்கு என் வலைப்பூ எப்படித் தெரியும் என்று. அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக் கேட்கவில்லை, வாய்விட்டு யோசித்தது போலத்தான். அப்பா முன்னால் நின்ற லாரியைப் பார்த்தபடி ஹேண்ட்பிரேக்கைப் போட்டார். பிறகு, நான்தாம்மா அனுப்பினேன் என்றார்.

எனக்கு வலைப்பூ இருப்பதே அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. முதல் கட்டுரையிலிருந்து படித்திருக்கிறார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். முதல்ல வந்த பையன், சண்டைப் படம்தான் பிடிக்கும்னான், நீ வேண்டாம்னுட்ட. ரெண்டாவது பையன், படம் பார்க்க யாருக்குங்க நேரமிருக்குன்னான், நீ போனையே வச்சுட்ட. மூணாவதும் இப்படிப் போகக் கூடாதுன்னு பயந்தேன். டிராயிங் பார்க்காம யாராவது சைட்ல இறங்குவானா, அம்மாடி? அதான் டிராயிங்கை அனுப்பிச்சேன்.

அறுபத்தொரு கட்டுரையையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி, பொருளடக்கம் போட்டு, என் எழுத்துப் பிழைகளைத் திருத்தி அனுப்பியிருக்கிறார். முதல் பக்கத்தில் ‘திருத்தம் 2’ என்று போட்டதாகச் சொன்னார். திருத்தம் 1 என்ன ஆயிற்று என்று கேட்டேன். பக்க எண் தப்பாகிவிட்டதாம்.

கோபப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் இன்னொன்று கேட்டுவிட்டேன். அந்தக் காட்சியை வெட்டியது அன்றைக்கே உங்களுக்குத் தெரியுமா அப்பா?

தெரியும் என்றார். ஒரு துள்ளு துள்ளிச்சே. பாட்டுலயும் ஒரு சரணம் குறைஞ்சுது.

ஏன் சொல்லவில்லை?

தியேட்டர் வாசல்ல இருந்து வீடு வரைக்கும் நீ வாய் மூடாமப் பேசிட்டு வந்த. அவ்வளவு சந்தோஷமா நீ பேசி நான் பார்த்ததில்லை. அதை எப்படிம்மா நிறுத்துறது?

பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. லாரி எப்போதோ நகர்ந்துவிட்டிருந்தது.

இது முதலாவது.

இரண்டாவது நேற்று. அம்மாவின் கண்ணாடி எங்கேயோ போய்விட்டது. போனில் ஏதோ செய்தி வந்திருக்கு, படிடி, அவசரம் என்று நீட்டினாள். அனுப்பியவர் பெயர் மாப்பிள்ளை. நான் சத்தமாகப் படித்தேன்.

அத்தை, மரகதவல்லி கொலுசைக் கிணத்துல போட்டது பூங்கோதையோட மாமனாருக்கு அன்னைக்கே தெரியும். தெரியாத மாதிரி நடிக்கிறார் கிழவர். வெள்ளிக்கிழமை மாட்டிவிடுவார், எழுதி வச்சுக்கோங்க.

அம்மா போனைப் பிடுங்கப் பார்த்தாள். நான் கொடுக்கவில்லை. மேலே மேலே தள்ளிக்கொண்டே போனேன். ஏழு மாதம். ‘பூங்கோதை இல்லம்’ சீரியல் முடிந்ததும் சரியாக ஏழு மணிக்குத் தினமும். குவைத்துக்கும் யான்புவுக்கும் ஒரே நேரம் என்பதுகூட எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆக, கடற்கரை இல்லை. நடை இல்லை. உங்கள் ஃபோர்மேன் கார்மேகம் அண்ணனின் அறையில் ஒரு டிவி, அவர், நீங்கள், ஒரு தட்டு வேர்க்கடலை. அம்மாவுக்குப் படம்கூட அனுப்பியிருக்கிறீர்கள். கார்மேகம் அண்ணன் தலையில் துண்டு கட்டி மரகதவல்லி மாதிரி முறைக்கிறார்.

எல்லாவற்றையும் படித்தேன். கேட்காமல் படித்தது தப்புதான். அதில் ஒருவர் இருக்கிறார். எழுத்துப் பிழை விடுகிறார். வில்லிக்குச் சாபம் கொடுக்கிறார். இந்த வீட்டில் ஒரு கதவுக்காவது தாழ்ப்பாள் இருந்தால் கதை முந்நூறாவது நாளிலேயே முடிஞ்சிருக்கும் அத்தை என்கிறார். நான் சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக எனக்கே எரிச்சல் வந்தது. இந்த மனிதரை எனக்குத் தெரியாது. இவர் எனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. எனக்கு எழுதுகிறவர் நான் எழுதியதை எனக்கே அனுப்புகிறவர்.

அம்மாவிடம் கேட்டேன், என்னிடம் ஏன் மறைத்தீர்கள் என்று. அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுச் சொன்னாள். அவர் நல்லா கலகலப்பாத்தாண்டி பேசுறார். உன்கிட்டப் பேசத்தான் பயமாம். உனக்குப் பிடிக்காததைப் பிடிச்சிருக்குன்னு சொன்னா நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவியாம்.

நான் அப்படியா என்று கேட்டேன்.

அம்மா குழம்பைக் கிளறினாள். ஹாலில் அப்பா செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினார். படித்து முடிக்காத பக்கம்.

அதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆமாம் என்றே தோன்றுகிறது. பிறகு இல்லை என்று தோன்றுகிறது. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று எழுதுவது தப்பா? ஒரு படத்தைப் பற்றிய என் அபிப்பிராயம் எப்போது ஓர் ஆளைச் சேர்த்துக்கொள்வதற்கும் தள்ளிவிடுவதற்கும் அளவுகோல் ஆனது? அந்த முதல் பையன், சண்டைப் படம் பிடிக்கும் என்றவன். பெயர்கூட நினைவில்லை. அவன் உண்மையைத்தானே சொன்னான். அவனை வேண்டாம் என்றேன், உங்களுக்குச் சரி என்றேன்.

என்னைச் சுற்றி எல்லோரும் ரொம்ப அன்பாகத் தலையாட்டியிருக்கிறீர்கள். யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. வரிசையில் முதல் ஆளாக நானே நிற்கிறேனோ என்றும் ஒரு சந்தேகம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒரு படம் சொல்லுங்கள். உங்களுக்கு மட்டும் பிடித்தது, நான் எழுதாதது. எனக்குப் பிடிக்காததாக இருந்தால் நல்லது. ஏன் பிடிக்கும் என்று உங்கள் சொல்லில் எழுதுங்கள், அம்மாவுக்கு எழுதுவது போல.

கட்டிலில் துணி அப்படியே கிடக்கிறது. அதன் ஓரத்தில் படுத்துக்கொள்கிறேன்.

பிருந்தா


ஃபர்வானியா
செவ்வாய்

அன்புள்ள ஷ்யாம்,

நான்கு பக்கம். திங்கட்கிழமை காலை வந்தது, இதுவரை நான்கு முறை படித்துவிட்டேன். எழுத்துப் பிழை பதினேழு. அப்பாவிடம் காட்டவில்லை, திருத்திவிடுவார்.

முதலில் ‘தீச்சட்டி கோவிந்தன்’. அதில் கோவிந்தன் முப்பது பேரை அடித்துவிட்டு, கடைசி ஆளை அடிப்பதற்கு முன் அவனுக்குத் தண்ணீர் கொடுப்பான் என்று எழுதியிருக்கிறீர்கள். என் அப்பா இறந்த வருடம் அந்தப் படத்தை ஒன்பது முறை பார்த்தேன், அடி வாங்கியவனுக்கும் தாகம் எடுக்கும் என்று தெரிந்த ஒரே ஆள் அந்த ஊரில் கோவிந்தன்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். நேற்று மதியம் தேடிப் பார்த்தேன். மோசமான படம் ஷ்யாம். முப்பது பேரும் ஒவ்வொருவராக வருகிறார்கள். கதாநாயகி இரண்டு பாட்டுக்கு மட்டும் வருகிறாள். ஆனால் அந்தத் தண்ணீர்ச் சொம்பு வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். உங்கள் கண்ணால் பார்த்தேனா, என் கண்ணாலா என்று தெரியவில்லை.

சீரியல் பற்றி நீங்கள் எழுதியதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. உன் படங்களில் யாரும் சாப்பிடுவதில்லை, சீரியலில் தினமும் யாராவது யாருக்காவது சோறு போடுகிறார்கள் என்கிறீர்கள். போடுகிறார்கள், பாதி நாள் அதில் விஷம் இருக்கிறது. இருந்தாலும் வாதம் நன்றாக இருந்தது. நீங்கள் என்னோடு சண்டை போடுவது இதுதான் முதல் முறை. இன்னும் வேண்டும்.

இனி நடைமேடை.

மதுரையில் மூன்று முறை பார்த்தது உண்மை என்கிறீர்கள். அவள் ஓடும்போது எழுந்து நின்று விசிலடித்தேன், மூன்று முறையும், உன் கட்டுரையைப் படித்ததும் பயந்துவிட்டேன், இல்லாத காட்சிக்கா விசிலடித்தோம் என்று. இந்த இடத்தில் நான் சத்தமாகச் சிரித்தேன், அம்மா எட்டிப் பார்த்தாள். படத்தில் உங்களுக்குப் பிடித்ததே அந்த இரண்டு நிமிடம் நாற்பது வினாடிதான். அதைத்தான் விழுங்கிவிட்டு எனக்குக் குவளைகளைக் கொடுத்தீர்கள்.

பிறகு எழுதியிருப்பதுதான் என்னைக் குழப்புகிறது. கட்டுரையைப் படித்த பிறகு கண்ணை மூடி அந்தக் காட்சி இல்லாமல் நினைத்துப் பார்த்தேன், அதுவும் நன்றாகத்தான் இருந்தது, இப்போது எது என் அபிப்பிராயம் என்று எனக்கே தெரியவில்லை என்கிறீர்கள். பொய் சொன்னாயா என்று கேட்டால் ஆமாம். முழுப் பொய்யா என்று கேட்டால் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

எனக்கும் தெரியவில்லை. நீங்கள் தெளிவாக ஒரு விளக்கம் கொடுத்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

கடைசிப் பக்கத்தில் கார்மேகம் அண்ணன் சொன்னது. உங்கள் குழப்பத்தை அவரிடம் சொல்லியிருக்கிறீர்கள். பெண்டாட்டியின் கட்டுரையைப் பற்றி ஃபோர்மேனிடம் யோசனை கேட்ட ஒரே என்ஜினியர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அவர் வேர்க்கடலைத் தோலை ஊதிவிட்டுச் சொன்னாராம். வீட்டு ஆளைப் பார்க்கணும்னா பார்த்துக்கலாம்னு இருக்கிறவங்களுக்கு அந்த சீன் வேண்டாம் தம்பி. நான் ஊருக்குப் போய் மூணு வருஷமாச்சு. எனக்கு அது வேணும். இன்னும் ரெண்டு சரணம் சேர்த்து வச்சாலும் பார்ப்பேன்.

இதற்குப் பதில் எழுத உட்கார்ந்து, எழுத முடியாமல், துணி மடித்தேன்.

அந்தக் கட்டுரையை எழுதியபோது எனக்கு இருபது வயது. அதுவரை யாருக்காகவும் காத்திருந்ததில்லை. விடுமுறைக்கு வந்தால் அப்பா விமான நிலையத்தில் இருப்பார், ஒரு முறைகூடத் தாமதமாக வந்ததில்லை. காத்திருப்பது பற்றி அறுபத்தொரு கட்டுரையில் பத்திலாவது எழுதியிருப்பேன்.

இப்போது ஏழு மாதம். கார்மேகம் அண்ணனுக்கு அது ஒன்றுமில்லை. எனக்கு, விமான நிலையத்தின் பக்கமாக இறங்கும் ஒவ்வொரு விமானத்தையும் இந்த மாடியிலிருந்து பார்க்கத் தெரிந்திருக்கிறது.

இன்று காலை அந்தக் காட்சியை மட்டும் மறுபடி பார்த்தேன். மழை தேவையே இல்லை. வயலின் மிக அதிகம். போர்ட்டர் கண்ணைத் துடைப்பது நாம் எப்போது அழ வேண்டும் என்று சொல்லித்தருவது போல இருக்கிறது. என் அபிப்பிராயம் இன்னும் அதேதான். வெட்டியவர் படத்துக்கு நல்லது செய்தார்.

மூன்று முறை பார்த்தேன்.

மூன்றாவது முறை அவள் ஓடுவதற்கு முன்னால் நிறுத்திப் பார்த்தேன். முதலில் ஓர் அடி பின்னால் வைக்கிறாள். நீங்கள் அதைக் கவனித்திருக்கிறீர்களா? அவன்தானா என்று தெரியாததால். பதினொரு வருடத்தில் முகம் மாறியிருக்கிறது. அடையாளம் தெரிவதற்கு முன்பே கால் ஓடத் தொடங்கிவிடுகிறது. அதைப் பற்றி யாராவது எழுதியிருக்கலாம். நான் எழுதியிருக்கலாம். என் பிரதியில் இல்லை.

பெட்டியை மூடிவிட்டேன். அம்மா உங்களுக்கு எலுமிச்சை ஊறுகாயும் கார்மேகம் அண்ணனுக்கு அதிரசமும் வைத்திருக்கிறாள். அப்பா பிளாஸ்டிக் உறையை மூன்றாவது முறையாகச் சரிபார்த்தார். முகப்பில் புதிதாகப் பென்சிலில் ஒரு வரி எழுதியிருக்கிறார், கேட்டதற்கு ஒன்றுமில்லை என்கிறார். ‘இறுதிப் பிரதி இல்லை’ என்று இருக்கிறது. அவர்கள் தொழிலில் அப்படி எழுதினால் இன்னும் மாற்றலாம் என்று அர்த்தமாம்.

வியாழக்கிழமை மதியம் இரண்டு பத்துக்கு இறங்குகிறேன். ஆறரைக்குள் வீட்டுக்குப் போய்விடலாம். உங்கள் சீரியலை நிறுத்த வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்வேன், நீங்கள் சண்டை போட வேண்டும். தலையாட்டினால் எழுந்து போய்விடுவேன்.

ஒரு கவலை மட்டும் இருக்கிறது. வெளியே வரும் கதவு திறந்ததும் நீங்கள் நிற்பீர்கள். பெட்டி தள்ளிக்கொண்டு நான் வருவேன். ஏழு மாதம் நான் பேசியவர் ஒருவர், அம்மாவிடம் பேசியவர் ஒருவர், நான்கு பக்கம் எழுதியவர் ஒருவர். நிற்பவர் யார் என்று எனக்கு உடனே தெரியாது. ஓர் அடி பின்னால் வைத்தாலும் வைப்பேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கேயே நில்லுங்கள்.

அதற்குப் பிறகு என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் வளர்ந்த ஊரில் அந்தக் காட்சியை எனக்கு யாரும் காட்டியதில்லை. நீங்கள் மூன்று முறை பார்த்திருக்கிறீர்கள்.

மழை இல்லாமல், வயலின் இல்லாமல், உங்களுக்குத் தெரிந்த மாதிரி சொல்லிக் கொடுங்கள்.

உங்கள்
பிருந்தா